யானை போன பிறகு சொன்ன சம்மதம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கத்திலிருந்து என்னைப் பேசக் கேட்டபோது, "டொக்டர் என்றபடியால் சுகாதாரம் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். இரத்தச்சோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று நான் தொடங்கினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் சாப்பாட்டை வெறுத்துவிடுவீர்கள். ஆகவே ஒரு நாடகத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பயப்பட வேண்டாம், சுகாதாரத்துக்கும் வந்து சேருவேன்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நம் பழைய மாணவிகள் சிலர், நேற்று மாலை தேநீர் வேளையில், லண்டனிலும் நியூயோர்க்கிலும் தாங்கள் பார்த்த இசை நாடகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக ஒரே அரங்கில் ஓடும் நாடகங்கள் அவை. அவற்றில் ஒன்று 'மை ஃபெயார் லேடி'. 1956-இல் நியூயோர்க்கில் மேடையேறி, 2717 காட்சிகள் நடந்தது. லண்டன் தெருவில் பூ விற்கும் எலைசா என்ற பெண்ணின் கதை. வாய் ஓயாத, கலகலப்பான நகரத்துப் பெண். அவளுடைய பேச்சு கொச்சையானது என்று ஒரு பேராசிரியர் அவளைப் பிடித்து வைத்து, உச்சரிப்புத் திருத்தி, சீமாட்டியாக மாற்றிக் காட்டுகிறார். 1914-இல் லண்டனில் மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்திலிருந்து எடுத்த கதை அது.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம்முடைய பெண் ஒருத்தியின் நினைவு வந்தது. அவளும் வாய் ஓயாதவள், கலகலப்பானவள். ஆனால் நகரத்துப் பெண் அல்ல, மலைநாட்டுப் பெண். அவளுக்கு யாரும் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளோடு பேசி வெல்ல முடியாமல் கடவுளே திண்டாடுகிறார். அவள் நாடகம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி இன்னமும் நடக்கிறது. அதற்கென்று நிரந்தர அரங்கம் கிடையாது. கோயில் திடலில் பந்தல் போட்டு, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். அவள் பெயர் வள்ளி. நாடகம் 'வள்ளி திருமணம்'.

கதை உங்களுக்குத் தெரியும். குறவர் தலைவன் நம்பிராஜன், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பெண்குழந்தையை எடுத்து வளர்க்கிறான். பெண் பெரியவளானதும் தினைப்புனம் காக்க அனுப்புகிறான். பரண்மேல் நின்று கவண் சுற்றி, ஆலோலம் பாடி, அவள் கிளி ஓட்டுகிறாள். நாரதர் வருகிறார், வள்ளியோடு தர்க்கம் செய்கிறார், முருகனிடம் போய்ச் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறார், தர்க்கம். தகப்பன் வந்தால் வேங்கை மரமாகிவிடுகிறார். பிறகு கிழவராக வருகிறார், மறுபடியும் தர்க்கம். தேனும் தினைமாவும் கேட்கிறார், விக்கல் எடுக்கிறது, தண்ணீர் கேட்கிறார். எதற்கும் அவள் மசியவில்லை. கடைசியில் அண்ணன் பிள்ளையாரை அழைக்கிறார். யானை வருகிறது. வள்ளி பயந்து நடுங்கிக் கிழவரைக் கட்டிக்கொள்கிறாள். யானையை விரட்டினால் உங்களையே மணக்கிறேன் என்கிறாள். கல்யாணம் முடிகிறது.

கச்சியப்பரின் கந்தபுராணத்தில் இந்தக் கதை கடைசிப் படலமாக இருக்கிறது. அதை மேடைக்கு ஏற்ற இசை நாடகமாக நிலைநிறுத்தியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். அதே 1867-இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் முதன்முதலாகத் தேயிலையை வர்த்தகப் பயிராகப் போட்டார். நம் பிழைப்பையும் நம் பாட்டையும் ஒரே வருடத்தோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்ளலாம். சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, சிறுவர்களை வைத்து நாடகங்கள் நடத்தினார். 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதியவற்றில் 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்' எல்லாம் உண்டு. ஆனால் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இன்றைக்கும் அதிகம் கேட்பது வள்ளி திருமணம்தான்.

அங்கே இதை 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். அது நடக்கிற முறை விசித்திரமானது. கம்பெனி என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், நாரதர் இன்னோர் ஊர். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளியும் முருகனும் அன்றிரவு மேடையில்தான் முதன்முறை சந்திக்கிறார்கள் என்பதுகூட நடக்கும். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் வருகிற தர்க்கம் மட்டும் அவரவர் சாமர்த்தியம். நாரதர் எதைக் கேட்பார், வள்ளி எப்படி மடக்குவாள் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதைக் கேட்கத்தான் சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடிவு தெரிந்த கதை. கல்யாணம் நடந்தே தீரும். பின் எதற்காக நூறு வருடமாகக் கேட்கிறார்கள்? அவள் உடனே சம்மதிக்கவில்லை என்பதற்காகத்தான். "நீர் யார்? எந்த ஊர்? இங்கே என்ன வேலை? இதைக் கேட்க உமக்கு என்ன உரிமை?" என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். வேலை செய்கிற இடத்தில், தனியாக இருக்கிற ஒரு பெண், முன்பின் தெரியாத பெரிய மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள் இவை. சீதையும் தமயந்தியும் அரண்மனைப் பெண்கள். வள்ளி வேலைக்குப் போகிற பெண். மலைச்சரிவில் பகல் முழுவதும் வெயிலிலும் மழையிலும் நிற்கிறவள். நம் அம்மாமார் கொழுந்து மலையில் நின்ற மாதிரி.

இந்த வேடத்தில் நின்ற பெண்களின் வாழ்க்கையையும் பாருங்கள். நம் சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1926-இல், இலங்கைக்கு நாடகம் நடிக்க வந்திருந்தார் கொடுமுடியைச் சேர்ந்த ஓர் இளம்பெண். கே. பி. சுந்தராம்பாள். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தது இந்த நாட்டில்தான். இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்களில் வள்ளி திருமணம் பெரும் புகழ் பெற்றது. 1927-இல் மணந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன் பிறகு வெள்ளைச் சேலைதான். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. ஆனால் குரலை மூடி வைக்கவும் இல்லை. 1935-இல் நந்தனாராக ஆண் வேடத்தில் சினிமாவில் நடித்தார். 1953-இல் ஔவையார் ஆனார். சென்னை மேல்சபையிலும் உறுப்பினராக அமர்ந்தார்.

இன்னொருவர் டி. பி. ராஜலட்சுமி. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி. 1933-இல் வந்த 'வள்ளி திருமணம்' படத்தில் அவர்தான் வள்ளி. 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். தமிழ் சினிமாவில் அதற்கு முன் ஒரு பெண் படம் இயக்கியதில்லை. மேடையில் வாதாடிப் பழகியவர்கள் மேடைக்கு வெளியிலும் சும்மா இருக்கவில்லை.

நம் மலைநாட்டுக்கு வருவோம். நம் தோட்டங்களில் விடிய விடிய நடந்தவை காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ரதியாக ஆடுகிறவர் யார்? நம் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற ஒரு மாமாதான். சேலை கட்டி, கொண்டை போட்டு, அழுது புலம்பி, எல்லாரையும் அழவைத்துவிடுவார். காலையில் அவரே கவ்வாத்து வெட்டப் போவார். பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள், வேண்டுதல் வைப்பார்கள், சுற்றி நின்று பார்ப்பார்கள். பெண்ணின் துயரத்தைக்கூட ஆண்தான் ஆடிக் காட்டினார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கலைஞர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை மேடையேறித் தன் வாயால் பேச வேண்டுமென்றால், அந்த மேடை பெரும்பாலும் பாடசாலை மேடையாகத்தான் இருந்தது.

ஒரு பெயரை இங்கே சொல்லாமல் விடமுடியாது. மீனாட்சி அம்மாள். அட்டனைத் தளமாகக் கொண்டு 1930-களில் தோட்டத் தொழிலாளருக்காகத் தொழிற்சங்கம் நடத்திய கோ. நடேசய்யரின் துணைவியார். தொழிலாளரின் கஷ்டங்களை, சனத்துக்குத் தெரிந்த மெட்டுகளில் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். ஒரு பெண் பொதுக் கூட்டத்தில் எழுந்து பாடுவதையே பலர் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்திருப்பார்கள். அவரையும் நம் வள்ளிகளில் ஒருவராகவே நான் எண்ணுகிறேன்.

வள்ளி நமக்குப் புதியவளும் அல்ல. கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்கு நேர் எதிரே, வீதியின் மறுகோடியில் வள்ளியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி உற்சவத்தில் இரவு தோறும் பெரஹரா முருகன் கோயிலிலிருந்து வள்ளி கோயிலுக்குத்தான் போகிறது. வேடர் இன மக்கள் வள்ளியைத் தங்கள் வீட்டுப் பெண் என்கிறார்கள். எங்கள் அப்பாயி தோட்டத்துச் சனத்தோடு கதிர்காமத்துக்குப் போய் வந்தவர். அவர் சொல்வார்: "சாமிதான் அவளத் தேடிப் போகுது பாப்பா. அவ ஒரு நாளும் தேடி வரல." எழுத்து வாசனை இல்லாத என் அப்பாயி சொன்ன விளக்கத்துக்கு மேல் நான் எங்கும் படிக்கவில்லை.

நம் பாடசாலையில் ஒருமுறை வள்ளி திருமணம் போட்டோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் பத்தாம் வகுப்பு. தமிழ் மிஸ் பழக்கினார். பெண்கள் பாடசாலை ஆகையால் முருகனும் பெண்தான், நாரதரும் பெண்தான், நம்பிராஜனுக்கும் மீசை கரியால்தான். எனக்குக் கிடைத்த வேடம் யானையின் பின்னங்கால்கள். கொழுந்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு இரண்டைச் சேர்த்துத் தைத்து யானை செய்தோம். உள்ளே ஒன்றும் தெரியாது, முன்னங்கால் போகிற பக்கம் நாமும் போக வேண்டும். முன்னங்கால்களாக இருந்தவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெரிய வங்கியொன்றில் பெரிய பதவி. பெயர் சொல்ல மாட்டேன்.

வள்ளியாக நடித்த அக்கா பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஒத்திகையில் ஒருநாள் அவர் மிஸ்ஸிடம் கேட்டார்: "மிஸ், இவ்வளவு நேரம் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினவள், யானையைக் கண்டதும் சரியென்று சொல்லிவிட்டால், அது சம்மதமா மிஸ்? அது பயம்தானே?"

மிஸ் கோபிப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "புராணத்தை நாம் மாற்ற வேண்டாம். யானை வரட்டும். ஆனால் யானை போன பிறகு நீ என்ன செய்கிறாய் என்று எழுதியிருக்கவில்லை. அதை நீ யோசித்துக்கொண்டு வா."

விழா நாளன்று அந்த அக்கா செய்தது இதுதான். யானை வந்தது. நாங்கள் நாலு காலும் முட்டி மோதிக்கொண்டு ஒரு சுற்று வந்தோம். அவர் அலறிக் கிழவரின் பின்னால் ஒளிந்தார், வாக்குக் கொடுத்தார். கிழவர் கை காட்ட, நாங்கள் திரைக்குப் பின்னால் போனோம். வழக்கமாக அந்த இடத்தில் முருகன் காட்சி கொடுப்பார், கல்யாணப் பாட்டு தொடங்கும். அக்கா கையை உயர்த்தி ஆர்மோனியத்தை நிறுத்தினார். சேலையைச் சரிசெய்தார், பரண்மேல் ஏறி நின்றார், கிழவரைப் பார்த்துச் சொன்னார்: "யானை போய்விட்டது. இப்போது எனக்குப் பயமில்லை. இப்போது கேளும்."

முருகனாக இருந்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒத்திகையில் இல்லாத வசனம். கொஞ்சம் தடுமாறி, "என்னை மணக்கச் சம்மதமா?" என்று கேட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். மண்டபம் சிரித்தது. பிறகு சபையைப் பார்த்து, "சம்மதம்" என்றார். பின்னால் நின்றுகொண்டிருந்த தோட்டத்து அம்மாமார் தட்டின கை இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நாளில் எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. வைத்தியரான பிறகுதான் அதன் பெறுமதி தெரிந்தது.

இப்போது சுகாதாரத்துக்கு வந்துவிட்டேன். நான் பெண்களுக்கான கிளினிக்கில் வேலை செய்கிறேன். என் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் பலர் நம் தோட்டத்துப் பெண்கள். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், பதில் சொல்வது பக்கத்தில் நிற்கிற புருஷன், அல்லது மாமியார். பாஷை தெரியாத வைத்தியர் என்றால், கூட வந்த பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. தாயின் மாதவிடாய்க் கோளாறைப் பத்து வயது மகன் எப்படிச் சொல்வான்? அவன் "வயித்து வலி" என்பான். மருந்தும் வயிற்று வலிக்குத்தான் கிடைக்கும்.

இந்தப் பெண்கள் வாயில்லாதவர்களா? மலையில் போய்ப் பாருங்கள். கணக்கப்பிள்ளை மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்துப் போட்டால், அரைப் பேர் போட்டால், அங்கே நடக்கிற தர்க்கத்துக்கு நாரதரே நிற்கமாட்டார். பேச்சு இருக்கிறது. வைத்தியசாலைப் படலையைத் தாண்டியதும் அது எங்கேயோ போய்விடுகிறது. காரணம், அங்கே யானை நிற்கிறது.

யானை பல உருவத்தில் வரும். வலி ஒரு யானை. தெரியாத பாஷை ஒரு யானை. இன்றைக்குப் பேர் போய்விட்டதே, பிள்ளைமடுவத்தில் விட்ட குழந்தையை நேரத்துக்கு எடுக்க வேண்டுமே என்கிற பதைப்பு ஒரு யானை. எங்கள் வெள்ளைக் கோட்டும், கழுத்தில் தொங்குகிற ஸ்டெதஸ்கோப்பும்கூட யானைதான். அந்த நேரத்தில் ஒரு படிவத்தை நீட்டிக் "கையெழுத்துப் போடுங்கள்" என்றால் போடுவார்கள். தலையாட்டச் சொன்னால் ஆட்டுவார்கள். காகிதத்தில் அது சம்மதம். எங்கள் அக்காவின் கணக்கில் அது சம்மதம் அல்ல.

உதாரணத்துக்கு, இனிப் பிள்ளை வேண்டாம் என்று செய்கிற நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை. நல்ல சிகிச்சை, வேண்டும் என்று நினைக்கிறவருக்குப் பெரிய உதவி. ஆனால் அதைப் பற்றி முதன்முதலாகக் கேட்பது பிரசவ வலியின் நடுவே இருக்கக் கூடாது. கர்ப்பகாலக் கிளினிக்கில், வலியில்லாத நாளில், அவளுடைய மொழியில், அவளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். இது நிரந்தரம், திருப்ப முடியும் என்று நம்பி இருக்கக்கூடாது, தற்காலிகமான வேறு முறைகளும் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் யோசிக்க விட வேண்டும். பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கோபிக்கக் கூடாது. புத்தகத்தில் இதற்கு நீண்ட விளக்கங்கள் உண்டு. நான் இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சுருக்கமாகச் சொல்வேன்: "யானை போன பிறகு ஒருமுறை கேளுங்கள்." சிங்கள வைத்தியர்களுக்கும் கதையோடு சொல்வேன். கதிர்காமத்து வள்ளியம்மாவை அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்கிற நோயாளி தொந்தரவு என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. "இந்த மாத்திரை எதற்கு?" என்று கேட்டவர்தான் அதை ஒழுங்காகப் போடுகிறார். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. தேயிலை நாட்டில் இதை யாராவது கேட்டால்தானே நாங்களும் சொல்ல ஞாபகம் வரும்! கேட்காதவர் மாத்திரையை அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த மாதமும் அதே வெளிறிய முகத்தோடு வருகிறார்.

சரி, எலைசாவுக்கும் வள்ளிக்கும் வருகிறேன். நம் பாடசாலை நம்மை எந்தப் பெண்ணாக ஆக்கியது? நம் உச்சரிப்பைத் திருத்தினார்கள், ஆங்கிலம் கற்பித்தார்கள், கரண்டியும் முள்ளும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எலைசாவுக்குக் கிடைத்த பாடம் முழுவதும் நமக்கும் கிடைத்தது, அதற்கு நாம் நன்றியுடையவர்கள். அந்தப் பாடத்தால்தான் நான் இங்கே நின்று பேசுகிறேன். ஆனால் எங்கள் தமிழ் மிஸ் வேறொன்றையும் தெரிந்து வைத்திருந்தார். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு வாய் இருக்கிறது, அதைத் திருத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று. அந்த அக்காவுக்கு வசனம் எழுதிக் கொடுக்காமல், யோசித்துக்கொண்டு வரச் சொன்னாரே, அதுதான் நான் இங்கே பெற்ற பாடங்களில் பெரியது.

கந்தபுராணக் கதையில் கடைசியில் ஒரு சம்பவம் உண்டு. வள்ளியை முருகன் அழைத்துப் போனதும் நம்பிராஜனும் வேடர்களும் துரத்தி வந்து போரிட்டு மாண்டு விழுகிறார்கள். முருகன் தானே அவர்களை எழுப்பியிருக்கலாம். வள்ளியிடம் சொல்கிறார். அவள் சொல்ல, அவர்கள் எழுகிறார்கள். வைத்தியசாலையில் அதிசயம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சரியான நேரத்தில் ஒரு பெண் வாய்திறந்து, "இரத்தம் போகிறது", "நெஞ்சு வலிக்கிறது", "குழந்தை அசையவில்லை" என்று சொன்னதால் காப்பாற்றப்பட்ட உயிர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்ததால் போன உயிர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நூற்றாண்டு கொண்டாடும் இந்தச் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஆண்டுதோறும் இந்த மேடையில் ஒரு நாடகம் நடக்கட்டும். பரிசுக்காகத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்குகிற பத்துப் பேருக்கு மட்டும் அல்லாமல், பேசவே கூச்சப்படுகிற பிள்ளைக்கும் ஒரு வசனம் கிடைக்கிற நாடகமாக இருக்கட்டும். வெளிநாட்டு அக்காமார் கட்டடத்துக்குப் பணம் அனுப்புகிறீர்கள், மிகவும் நன்றி. அதில் ஒரு சிறுபகுதி ஆர்மோனியத்துக்கும் திரைச்சீலைக்கும் போகட்டும்.

இரண்டாவது, காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் முழுவதும் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். எல்லாருடைய கையிலும் கைப்பேசி இருக்கிறது. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், உங்கள் தாத்தாவோ மாமாவோ பாடுவதை ஒலிப்பதிவு செய்து பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். அப்பாயிமார் சொல்கிற வள்ளி கதையையும் சேர்த்து.

மூன்றாவது, சீருடையில் இருக்கும் பிள்ளைகளுக்கு. நீங்கள் உங்கள் அம்மாவோடோ அப்பாயியோடோ கிளினிக்குப் போகும்போது, அவர்களுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். அவர்களைப் பேச விடுங்கள். பாஷை தெரியாத இடத்தில் மொழிபெயருங்கள், சொல்வதை மாற்றாமல். மூன்று கேள்விகளை அவர்களுக்குப் பழக்கிக் கொடுங்கள்: எனக்கு என்ன வருத்தம்? இந்த மருந்து எதற்கு? வேறு வழி இருக்கிறதா? வைத்தியர் அவசரப்படுத்தினால், "கொஞ்சம் பொறுங்கள் டொக்டர், யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அப்படிச் சொன்னதற்காக எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

அப்படியே நாளைக்கு உங்களுடைய வாழ்க்கையில், கல்யாணமோ, வேலையோ, வெளிநாட்டுப் பயணமோ, யாராவது அவசரமாக "சரியென்று சொல்" என்று நிற்கும்போது, பக்கத்தில் யானை நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால், அது போகும்வரை பொறுங்கள். சம்மதம் சொல்வதானாலும், மறுப்பதானாலும், பரண்மேல் ஏறி நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

இந்த மேடையில் நமக்குப் பேசக் கிடைத்தது. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.